தரங்கம்பாடிக்கு லீவுக்கு போறீங்களா? அரை மணி நேரத்துல திரும்பிடாதீங்க... ஒரு நாள் முழுக்க பார்க்க என்னென்ன இருக்கு?

வேளாங்கண்ணி போற வழியில ஒரு ஸ்டாப். திருநள்ளாறு போயிட்டு வர்ற வழியில ஒரு ஸ்டாப். தரங்கம்பாடிக்கு வரும் பலருடைய பயணம் இப்படித்தான் இருக்கிறது. வண்டியை நிறுத்தி, டேனிஷ் கோட்டை முன்னாடி நாலு போட்டோ, கடலில் கொஞ்சம் கால் நனைப்பு, கையில் ஒரு ஐஸ்கிரீம். அரை மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். "அவ்ளோதானா ஊரு?" என்று கேட்டுக்கொண்டே போகிறவர்களும் உண்டு.

ஆனால் இந்தச் சின்ன ஊருக்குள், நடந்தே பார்க்கும் தூரத்தில், 14ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட சிவன் கோவில், 400 ஆண்டுகளைத் தாண்டிய கோட்டை, 300 ஆண்டுகளைத் தாண்டிய தேவாலயங்கள், தமிழ் அச்சு வரலாற்றின் முக்கியமான அத்தியாயம், தினமும் கடலுக்குப் போய் வரும் ஒரு மீனவ கிராமம் என எல்லாமே இருக்கிறது. அதோடு, இந்த ஊர் கடலிடம் இழந்ததும் அதிகம். அது தெரிந்தால்தான் பார்க்கும் இடங்கள் ஒவ்வொன்றும் புரியும்.

லீவுக்கு தரங்கம்பாடி போறவங்க என்ன பார்க்கலாம், எப்போ போகலாம், எதில் கவனமா இருக்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

தரங்கம்பாடி எங்கே இருக்கிறது? எப்படி போவது?

மயிலாடுதுறை மாவட்டத்தின் கடலோரத்தில் உள்ளது தரங்கம்பாடி. 2020 டிசம்பரில் மாவட்டம் பிரிக்கப்படும் வரை நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. சென்னையில் இருந்து கிழக்கு கடற்கரைச் சாலை வழியாக புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி தாண்டி வந்தால் சுமார் 280 கிலோ மீட்டர். காரைக்கால் சுமார் 15 கிலோ மீட்டர், மயிலாடுதுறை சுமார் 30 கிலோ மீட்டர்.

ரயிலில் வருபவர்கள் மயிலாடுதுறை சந்திப்பில் இறங்கி பஸ் பிடிப்பது வசதி. ஒரு காலத்தில் மயிலாடுதுறையில் இருந்து தரங்கம்பாடிக்கே ரயில் ஓடியது. 1926ல் வந்த அந்தப் பாதை 1986ல் நிறுத்தப்பட்டது. இப்போது பஸ்தான். காரைக்கால், நாகப்பட்டினம் செல்லும் பஸ்கள் இந்த வழியாகப் போகின்றன. மெயின் ரோட்டில் இறங்கினால், கடற்கரை வரை நடந்தே போய்விடலாம்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் குறைவு, கடலும் ஓரளவு அமைதி. அக்டோபர் கடைசியில் இருந்து டிசம்பர் வரை வடகிழக்கு பருவமழைக் காலம். இந்த நேரத்தில் கிளம்புபவர்கள் புயல், கனமழை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு கிளம்பணும். எச்சரிக்கை இருக்கும் நாட்களில் படகுகள் கடலுக்குப் போகாது, கடற்கரைக்கு நீங்களும் போகக்கூடாது.

கோடை லீவில் வருபவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிஞ்சுக்கணும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்கு கடற்கரையில் மீன்பிடி தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. சிறிய நாட்டுப் படகுகளுக்கு இந்தத் தடை இல்லை. அதனால் மீன் கிடைக்கும். ஆனால் வரத்து குறையும், விலை கூடும். "என்னங்க இந்த விலை சொல்றீங்க?" என்று மீன் விற்கும் அம்மாவிடம் சண்டைக்கு நிற்பதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

காலை 6 மணி: முதலில் பார்க்க வேண்டியது கோட்டை அல்ல

கோட்டை எங்கேயும் போகாது. ஆனால் மீன் ஏலம் காலையில் சீக்கிரமே முடிந்துவிடும். அதனால் முதல் நாள் இரவே ஊருக்கோ பக்கத்து ஊருக்கோ வந்துவிட்டால், விடியற்காலையில் சூரிய உதயத்தையும் பார்க்கலாம், கரைக்கு வரும் படகுகளையும் பார்க்கலாம்.

இரவிலோ அதிகாலையிலோ கிளம்பிய என்ஜின் வைத்த ஃபைபர் படகுகள் காலையில் திரும்பி வரும். வலையில் இருந்து மீனைக் கழற்றுவது ஒரு பக்கம், வகை பிரிப்பது இன்னொரு பக்கம், குவித்து வைத்து ஏலம் கூறுவது மற்றொரு பக்கம். மத்தி, நெத்திலி, சங்கரா, வஞ்சிரம், நண்டு, இறால் என்று சீசனுக்கு ஏற்ப மாறும். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்பது காற்றையும் சீசனையும் பொறுத்தது. முதல் நாள் மாலையே டீக்கடையில் கேட்டு வைத்துக்கொண்டால் அலைய வேண்டாம்.

ஏலத்தைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்தால், கடைசியில் தட்டுக்கு வரும் ஒரு மீனின் விலை எப்படி உருவாகிறது என்று புரியும். டீசல், ஐஸ், வலை எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே செலவு செய்துவிட்டுத்தான் படகு கிளம்புகிறது. அந்தச் செலவுக்கு வியாபாரிகளிடம் முன்பணம் வாங்கியவர்கள், பிடித்த மீனை அவர்கள் வழியாகவே விற்க வேண்டிய நிலையும் கடலோர ஊர்களில் உண்டு. மீன் கிடைக்காத நாளில் செலவு மட்டும் மிச்சம். ஏலத்தில் மீன் எடுக்கும் பெண்கள் பலர், அதைக் கூடையிலும் பாத்திரத்திலும் சுமந்துபோய் உள்கிராமங்களில் விற்பவர்கள்.

இங்கே கவனிக்க வேண்டியவை:

* காயப்போட்டிருக்கும் வலையை மிதிக்காதீர்கள். செருப்புக் காலோடு படகில் ஏறி போட்டோ எடுக்காதீர்கள். அது அவர்களுக்கு தொழில் செய்யும் இடம், சாமிக்குச் சமம்.
* யாரையாவது படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். குறிப்பாக பெண்களையும் குழந்தைகளையும்.
* ஏலம் நடக்கும் கூட்டத்துக்கு நடுவே புகுந்து ரீல்ஸ் எடுக்க வேண்டாம். அவர்களுக்கு அந்த நேரம்தான் வருமானம்.
* "கடலுக்குள்ள ஒரு ரவுண்டு கூட்டிட்டு போங்க" என்று மீன்பிடி படகுக்காரர்களைக் கேட்காதீர்கள். அவை பயணிகளுக்கான படகுகள் இல்லை.

கடலோரத்தில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோவில்

கோட்டையில் இருந்து கடற்கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் மாசிலாமணிநாதர் கோவில். பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 14ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. டென்மார்க்காரர்கள் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஒரு கோவில் நகரம் இருந்தது என்பதற்கு இதுதான் சாட்சி.

கோவில் கட்டியபோது கடல் இவ்வளவு பக்கத்தில் இல்லை. கடல் அரிப்பில் கோவிலின் முன்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக இடிந்து போனது. பல ஆண்டுகள் பாதி இடிந்த நிலையில் நின்ற கோவிலுக்குப் பிறகு திருப்பணி செய்யப்பட்டது. கரையில் கொட்டப்பட்டிருக்கும் பெரிய பெரிய பாறாங்கற்கள் கடல் மேலும் உள்ளே வராமல் தடுப்பதற்காக. அந்தக் கற்கள் மேல் ஏறி செல்ஃபி எடுப்பது ஆபத்து. பாசி வழுக்கும், அலை எப்போது மேலே அடிக்கும் என்று சொல்ல முடியாது.

ஊரின் பெயர் குறித்தும் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. தரங்கம் என்றால் அலை. அதனால் "அலைகள் பாடும் ஊர்" என்று பலரும் சொல்கிறார்கள். கேட்க அழகாக இருந்தாலும், ஊர்ப் பெயர்களின் கடைசியில் வரும் "பாடி" என்பதற்கு குடியிருப்பு, ஊர் என்றுதான் பொருள். பழைய கல்வெட்டில் இந்த ஊர் சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கப்பட்டிருக்கிறது.

டேனிஷ் கோட்டை: டென்மார்க்குக்கு இங்கே என்ன வேலை?

காரணம் மிளகு. 17ம் நூற்றாண்டில் போர்ச்சுகல், நெதர்லாந்து, இங்கிலாந்து எல்லாம் கிழக்கு நாடுகளின் வாசனைப் பொருள் வியாபாரத்தில் போட்டி போட, டென்மார்க்கும் 1618ல் கப்பல்களை அனுப்பியது. ஓவே கெட்டெ என்ற தளபதி தலைமையில் வந்தவர்கள், 1620 நவம்பரில் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்து இங்கே கோட்டை கட்ட அனுமதி பெற்றார்கள். டென்மார்க் மன்னருக்கு ரகுநாத நாயக்கர் தங்க ஓலையில் தமிழில் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

அப்படி உருவானதுதான் டேன்ஸ்போர்க் கோட்டை. கடலைப் பார்த்த இரண்டடுக்கு கட்டடம், நடுவில் அகலமான முற்றம், சுவரை ஒட்டி சரக்கு அறைகள், சிறை அறைகள். உள்ளே உள்ள அருங்காட்சியகத்தில் பழைய நாணயங்கள், பீங்கான் பொருட்கள், ஆவணங்கள் ஆகியவற்றைப் பார்க்கலாம். தமிழக தொல்லியல் துறை இதைப் பராமரிக்கிறது. அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை உண்டு என்பதால், கிளம்பும் முன் எந்த நாள் மூடியிருக்கும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

நடுவில் சில ஆண்டுகள் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்ததைத் தவிர, சுமார் 225 ஆண்டுகள் இந்த ஊர் டென்மார்க் வசம் இருந்தது. வியாபாரம் படுத்ததும் 1845ல் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். அதன்பிறகு நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, வியாபாரமும் அங்கே போனது. பெரிய துறைமுகமாக வளராமல் போனதால்தான் பழைய தெருக்கள் இன்றும் அப்படியே மிச்சம் இருக்கின்றன.

கோட்டைச் சுவரில் பெயர் எழுதுவதும் கீறுவதும் குற்றம். கடல் காற்றின் உப்பே செங்கல்லையும் சுண்ணாம்பையும் அரித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு நாமும் சேர்ந்து உதவ வேண்டியதில்லை.

கிங்ஸ் ஸ்ட்ரீட்: ஒரு தெருவில் 300 ஆண்டுகள்

கோட்டையில் இருந்து ஊருக்குள் போகும் நேர் தெருதான் கிங்ஸ் ஸ்ட்ரீட். அதன் மறுமுனையில் 1792ல் கட்டப்பட்ட நகர நுழைவாயில் வெள்ளை நிறத்தில் நிற்கிறது. ஊரைச் சுற்றி மதில் இருந்த காலத்தின் வாசல் இது.

இந்தத் தெருவில் இரண்டு தேவாலயங்கள். 1701ல் கட்டப்பட்ட சீயோன் ஆலயம் டென்மார்க்காரர்களுக்காகக் கட்டப்பட்டது. 1718ல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் தமிழ் கிறிஸ்தவர்களுக்காக. சிலுவை வடிவில் கட்டப்பட்ட இந்த ஆலயத்தின் முகப்பில் டென்மார்க் மன்னரின் கிரீட முத்திரையைப் பார்க்கலாம். இரண்டிலும் இன்றும் வழிபாடு நடக்கிறது. அதனால் ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் உள்ளே போய் சுற்றிப் பார்ப்பதைத் தவிர்ப்பது மரியாதை. பக்கத்தில் ஆளுநர் மாளிகை, தூண் வைத்த பழைய வீடுகள். சில வீடுகளில் குடும்பங்கள் வசிக்கின்றன. கேட்காமல் உள்ளே நுழையக்கூடாது.

தமிழின் முதல் அச்சுப் புத்தகம் இங்கேதான் வந்ததா?

இல்லை. சமூக வலைதளங்களில் அதிகம் பகிரப்படும் தவறான தகவல் இது. தமிழ் எழுத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" 1578லேயே கொல்லத்தில் வெளிவந்துவிட்டது. அப்படியென்றால் தரங்கம்பாடிக்கு என்ன சிறப்பு?

1706 ஜூலை 9ம் தேதி பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்றி புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானியர்கள் டென்மார்க் மன்னர் அனுப்ப இங்கே வந்து இறங்கினார்கள். சீகன்பால்குவுக்கு அப்போது 24 வயதுகூட நிரம்பவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1707ல் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். உள்ளூர் டேனிஷ் அதிகாரியோடு மோதல் ஏற்பட்டு, இதே டேன்ஸ்போர்க் கோட்டையில் நான்கு மாதம் சிறையிலும் இருந்தார்.

1712ல் அச்சு இயந்திரம் வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் அடுத்து வந்தன. அந்த எழுத்துகள் ரொம்பப் பெரிசு. அதை வைத்து அச்சடித்தால் காகிதம் போதாது. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். காகிதத்துக்காகப் பக்கத்துப் பொறையாரில் ஆலை தொடங்கினார்கள். அந்த இடத்துக்கு இன்றும் கடுதாசிப்பட்டறை என்றுதான் பெயர். 1715ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. எழுத்து, காகிதம், அச்சு என மொத்த வேலையும் ஒரே இடத்தில் நடந்ததுதான் தரங்கம்பாடியின் சிறப்பு.

1719ல் 36 வயதில் இறந்த சீகன்பால்கு புதிய எருசலேம் ஆலயத்துக்குள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அச்சுத் தொழில், பழைய புத்தகங்களில் ஆர்வம் உள்ள பிள்ளைகள் இருந்தால் இங்கே கண்டிப்பாக கூட்டிட்டுப் போங்க.

"ஓசோன் காற்று" வீசுவது உண்மையா?

தரங்கம்பாடிக்கு போறவங்களிடம் எல்லோரும் சொல்லி அனுப்பும் வார்த்தை: "அங்க ஓசோன் காத்து வீசும், உடம்புக்கு நல்லது." இதை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

பூமிக்கு மேலே சுமார் 15 முதல் 35 கிலோ மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசோன் நம்மை புற ஊதாக் கதிரில் இருந்து காக்கிறது. ஆனால் நாம் சுவாசிக்கும் காற்றில் ஓசோன் கூடினால் அது நுரையீரலை எரிச்சலூட்டும், ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தொல்லை. நம் நாட்டின் காற்றுத் தரக் குறியீட்டில் ஓசோனும் மாசுகளில் ஒன்றாகத்தான் கணக்கிடப்படுகிறது. அப்போ கடற்கரையில் வரும் அந்த வாசனை? கடலில் உள்ள நுண்ணுயிர்கள் வெளியிடும் கந்தகச் சேர்மம் அதற்கு முக்கிய காரணம்.

இங்கே காற்று நன்றாக இருப்பது உண்மை. பக்கத்தில் பெரிய நகரமோ போக்குவரத்து நெரிசலோ இல்லை, பகலில் கடலில் இருந்து குளிர்ந்த காற்று வீசுகிறது. அதை அனுபவியுங்கள். ஆனால் மூச்சுத்திணறலுக்கு மருந்து எடுப்பவர்கள் "ஓசோன் இருக்கே" என்று மருந்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகக்கூடாது.

கடலில் குளிக்கலாமா?

கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கோட்டையை ஒட்டிய பகுதியில் பாறாங்கற்களும் இடிந்த கட்டடங்களின் மிச்சமும் தண்ணீருக்குள் கிடக்கின்றன. அலையின் இழுப்பும் அதிகம். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இது பொருந்தும். குழந்தைகளின் கையை விடாதீர்கள், மது அருந்திவிட்டு கடலில் இறங்காதீர்கள், உள்ளூர் மீனவர்கள் "வேண்டாம்" என்று சொன்னால் வாதாடாமல் கேளுங்கள். யாராவது சிக்கினால் முதலில் ஓடிவருவது அவர்கள்தான்.

2004 டிசம்பர் 26 என்ன செய்தது?

சுனாமியில் மோசமாகப் பாதிக்கப்பட்ட ஊர்களில் தரங்கம்பாடியும் ஒன்று. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். கடலை ஒட்டி இருந்த மீனவர் வீடுகள் தரைமட்டமாகின. அதன்பிறகு கடலில் இருந்து தள்ளி புதிய வீடுகள் கட்டப்பட்டன. தொழிலுக்குத் தினமும் கரைக்கு வர வேண்டியவர்கள், வீட்டுக்கும் படகுக்கும் இடையே தூரம் கூடிய வாழ்க்கைக்குப் பழக வேண்டியதாயிற்று.

நாம் காற்று வாங்க நிற்கும் கரையில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இன்னமும் தொழில் செய்கிறார்கள். அவர்களாகப் பேசினால் கேளுங்கள். "சுனாமி அன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேமராவை நீட்டாதீர்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று கடலோர மக்கள் தொழிலுக்குப் போகாமல் அஞ்சலி செலுத்துகிறார்கள். கிறிஸ்துமஸ் லீவில் வருபவர்கள் அந்த ஒரு நாள் பாட்டு, ஆட்டம் இல்லாமல் இருப்பது நல்லது.

சாப்பாடு, தங்குவது எப்படி?

கடலோரத்தில் பழைய பங்களா ஒன்று ஹோட்டலாக இருக்கிறது. பட்ஜெட் குறைவு என்றால் காரைக்காலிலோ திருக்கடையூரிலோ தங்கலாம். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் அதிகம் நடக்கும் ஊர் என்பதால் திருக்கடையூரில் லாட்ஜ்கள் நிறைய. முகூர்த்த நாட்களில் மட்டும் முன்பதிவு அவசியம்.

மதியம் சின்ன மெஸ்களில் மீன் குழம்பு, வறுவல் சாப்பிடலாம். ஆர்டர் கொடுக்கும் முன் "இன்னைக்கு வந்த மீன் எது?" என்று கேளுங்கள். பெயர் தெரிந்த வஞ்சிரத்தை மட்டும் தேடாமல், அன்றைக்கு கிடைத்த சின்ன மீனைச் சாப்பிட்டால் ருசியும் கூடுதல், செலவும் குறைவு. ஊருக்கு எடுத்துப்போக கருவாடு வாங்குவதென்றால் நேரடியாக காயவைத்து விற்கும் பெண்களிடம் வாங்குங்கள். நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து வாங்கினால் வழியில் கெட்டுப்போகாது.

ஒரு நாள் பிளான் இதோ

காலை 6: சூரிய உதயம், மீன் ஏலம்
காலை 8: மாசிலாமணிநாதர் கோவில், பிறகு டிபன்
காலை 10: டேனிஷ் கோட்டை, அருங்காட்சியகம்
பகல் 12: கிங்ஸ் ஸ்ட்ரீட் தேவாலயங்கள், சீகன்பால்கு வீடு
மதியம் 1.30: சாப்பாடு, ஓய்வு
மதியம் 3.30: பொறையார், அனந்தமங்கலம் ஆஞ்சநேயர் கோவில் அல்லது திருக்கடையூர்
மாலை 5.30: நகர நுழைவாயிலில் இருந்து கடற்கரை வரை ஒரு நடை

கூடுதலாக ஒரு நாள் இருந்தால் வடக்கே பூம்புகார், தெற்கே காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி என்று நீட்டிக்கலாம்.

கிளம்பும்போது ஒரே ஒரு வேலை. கொண்டுவந்த தண்ணீர் பாட்டில், சிப்ஸ் கவர் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கரையில் விட்டுப்போகும் பிளாஸ்டிக், மறுநாள் காலை மீனவர் வலையில்தான் போய் சிக்கும்.